முட்டை மேல் விழுந்த பழி

போன மாதம் நான் ஒரு கேக்குக்கு எதிராக வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன்.

சிரிக்காதீர்கள். வெள்ளைத் தாள், தேதி, கீழே கையெழுத்து, எல்லாம் முறைப்படி. எதிரே உணவுப் பாதுகாப்பு அலுவலர். இத்தனை வருடமாக வாரா வாரம் உங்களுக்கு ஏதேதோ எழுதுகிறேனே... நான் எழுதியதை ஒரு வரி விடாமல், பேனாவால் கோடு போட்டுப் படித்த முதல் வாசகர் அவர்தான்.

அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன். கேட்டபிறகு என் மேல் உங்களுக்கு இருக்கிற மரியாதை கொஞ்சம் குறையும். பரவாயில்லை, குறையட்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில். மாதா கோவிலை ஒட்டி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. இப்போது என் வீடு உத்தமபாளையத்தில். ஸ்கூட்டரில் போனால் இருபது நிமிடம். இந்த விவகாரத்துக்கு முன், நாற்பது வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் எத்தனை தடவை போயிருப்பேன்? இரண்டு தடவை.

ஆனால் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குரூப்புக்குத் தினமும் போகிறேன். குரூப்பின் பெயர் 'நட்பின் வேர்கள்'. காலை வணக்கம், ரோஜாப்பூ, சர்க்கரை நோய்க்கு மருந்து, மறுபடி காலை வணக்கம்.

அட்மின் முருகேசன். ஏலக்காய் வியாபாரி. போடியில் கடை, குமுளிக்கு மேலே எஸ்டேட், தேனியில் வீடு. மூன்றாம் வகுப்பில் என் சிலேட்டை உடைத்தவன். இப்போது பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கும் பெரிய மனிதர். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பேனா கேட்க மாட்டேன் என்கிறது.

ஒருநாள் காலை முருகேசன் குரூப்பில் ஒரு செய்தி போட்டான். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் சத்துணவுதான் சாப்பிடுகிறார்களாம். கூடவே மூன்று அழுகை பொம்மை.

அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரம் குரூப்பே அழுதது. ஷார்ஜாவிலிருந்து ஒருத்தன் அழுதான். சென்னையிலிருந்து இரண்டு பேர். கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தி, 'கேக்கவே மனசு வலிக்குது' என்று எழுதினாள். நான் என்ன செய்தேன்? கை கூப்பும் பொம்மை போட்டேன். எதற்கு என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

அந்தச் சத்துணவில் என்ன போடுகிறார்கள் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. நானும்தான்.

அழுது முடித்ததும் தீர்மானம் ஆயிற்று. முருகேசனின் பிறந்தநாள் வருகிற செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு 'நல்ல சாப்பாடு'. ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், ஃப்ரெஷ் க்ரீம் கேக். தேனியிலிருந்து போட்டோகிராபர். என்னை உணவுக் குழுத் தலைவி ஆக்கினார்கள். சிறப்பு விருந்தினரும் நான்தான். பேப்பரில் எழுதுகிற ஆள் என்றால் இப்படி ஒரு சௌகரியம்... சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் தலைவியாகலாம்.

தலைமையாசிரியை சிஸ்டருக்கு இதில் அத்தனை இஷ்டமில்லை. வெளிச் சாப்பாடு என்றால் பொறுப்பு அதிகம் என்று போனில் மெல்லச் சொல்லிப் பார்த்தார். நான்தான், ஒருநாள்தானே சிஸ்டர், பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் என்றேன். அவர் மறுபடி தயங்கினார். பிறகு, சுற்றுச்சுவர் இல்லாத பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை எப்படிப் பேசுவாரோ அப்படி, சரி என்றார்.

திங்கட்கிழமை மதியம் நான் 'ஆய்வு'க்குப் போனேன். தலைவியல்லவா?

சமையல்கூடத்தில் ஒருத்தி தலைக்குத் துணித் தொப்பி மாட்டிக்கொண்டு, முறத்தில் கறுப்புக் கொண்டைக்கடலையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நானும் சிரித்தேன், எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் சிறப்பு விருந்தினர் சிரிப்பு.

"என்னய அடையாளம் தெரியலையா? செபஸ்தி. ரெண்டாவது பெஞ்சு."

செபஸ்தியம்மாள். என் வகுப்பு. முருகேசனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவள். எட்டாவதோடு நின்று, கல்யாணமாகி, பதினெட்டு வருடமாக இதே பள்ளியில் சமையலர். எங்கள் செட்டில் இன்றைக்கும் தினமும் பள்ளிக்கூடம் போகிற ஒரே ஆள் அவள்தான். 'நட்பின் வேர்கள்' குரூப்பில் அவளைச் சேர்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

நாளைக்கு அவள் சமைக்க வேண்டாம், ஓய்வு எடுக்கட்டும் என்றேன். ஏதோ வரம் கொடுப்பது போல. அவள் கடலையைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை கடலைப் புலவும் முட்டையும், சாயங்காலமே ஊறப் போட வேண்டும் என்றாள். பிறகு, கேட்காமலே, வாரம் பூராவும் என்னென்ன என்று வரிசையாகச் சொன்னாள். ஒருநாள் சாம்பார் சாதம். ஒருநாள் கீரை சாதம். முருங்கை பள்ளிக்கூடத்துப் பின்னாலேயே நிற்கிறது. பாசிப்பயறு, உருளைக்கிழங்கு. எல்லா நாளும் முட்டை, ஒருநாள் மிளகு போட்டு, ஒருநாள் மசாலா போட்டு. காலையில் மகளிர் குழுப் பெண்கள் வந்து பொங்கல், கிச்சடி, உப்புமா என்று செய்கிறார்கள். கூட, காய் போட்ட சாம்பார்.

இந்த வரிசையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது.

எங்கே? என் வீட்டு ஃபிரிட்ஜில். போன வருடம் தலைசுற்றலுக்காக மதுரையில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தேன். ரத்தம் கம்மி என்று ஒரு சார்ட் கொடுத்தார். தினம் ஒரு முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை, பாசிப்பயறு, பருப்பு. நான் அதை லேமினேட் செய்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். சாப்பிடுகிறேனா? ஒட்டி வைத்திருக்கிறேன்.

டாக்டர் எழுதினால் டயட் சார்ட். பள்ளிக்கூடத்தில் பரிமாறினால் பாவம்.

செபஸ்தி என்னை வெளியே கூப்பிட்டு, மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையைக் காட்டினாள். ஜெனிபா, மூன்றாம் வகுப்பு. அம்மா ஏலக்காய் எஸ்டேட் வேலைக்கு விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி மலைக்குப் போகிறவள். ஒன்றாம் வகுப்பில் சேர வந்தபோது அந்தப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். பாவாடை இடுப்பில் நிற்காமல், செபஸ்திதான் ஊக்கு குத்தி விட்டாளாம். இப்போது ஊக்கு வேண்டாம்; பட்டனே மாட்ட முடியவில்லை, தையலைப் பிரித்து விட வேண்டும் என்றாள். எடை மிஷின், சார்ட் எல்லாம் சிஸ்டர் ரூமில் இருக்கிறது. செபஸ்திக்குப் பாவாடைதான் கணக்கு.

"வீட்ல முட்டை வாங்குனா அவுக அப்பாவுக்குப் பாதி, அண்ணங்காரனுக்குப் பாதி. இங்கனதான் அவ தட்டுல முழு முட்டை விழுது. அதை ஒருநா நிறுத்தச் சொன்னா எப்படி?"

பதில் தெரியாதவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன். தலைமையாசிரியையிடம் பேசுகிறேன் என்றேன்.

சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னப் பிள்ளைகளான ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வழக்கமான புலவு. வெளிச் சாப்பாடு, கேக் எதுவும் கிடையாது. மூன்று, நான்கு, ஐந்துக்கு முருகேசன் விருந்து. முட்டை மட்டும் எல்லா வகுப்புக்கும் உண்டு. கூட்டணி ஆட்சி போல ஒரு ஏற்பாடு. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அதிருப்தியோடு ஒப்புக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை.

கேக் வெட்டுவது பத்தரைக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டேகால்.

காரணம்? நெரிசல் இல்லை. பஞ்சர் இல்லை. முதலில் பச்சைப் பட்டு கட்டினேன். போட்டோவில் குண்டாகத் தெரியும் என்று பட்டது. நீலக் காட்டன் கட்டினேன். சிறப்பு விருந்தினர் மாதிரி இல்லை, வங்கியில் க்யூவில் நிற்கிற மாதிரி இருந்தது. கடைசியில் மெரூன். அதற்குத் தோதான ஜாக்கெட் அயர்ன் செய்யாமல் கிடந்தது. அதை அயர்ன் போட்டு... சரி, உங்களுக்கே புரியும்.

அதுவரை எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில். போட்டோகிராபர் மரத்தடியில். கேக் முருகேசனின் காரில். காலை எட்டு மணிக்குத் தேனியில் வாங்கிய க்ரீம் கேக், வெயில் காயும் மைதானத்தில், கண்ணாடி ஏற்றிய காருக்குள், பன்னிரண்டரை வரை.

கேக்கின் மேல் முருகேசனின் முகம் இருந்தது. சர்க்கரைத் தாளில் போட்டோ அச்சடித்து ஒட்டுகிறார்களே, அது. வெளியே எடுத்தபோது முருகேசனின் ஒரு கன்னம் சற்று இறங்கியிருந்தது. மீசை ஒழுங்காக இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கத்தியைப் பிடிக்க, முருகேசன் என் கையைப் பிடிக்க, போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார். நான் பேசினேன். 'வளரும் தலைமுறைக்குச் சத்தான உணவு' என்று பத்து நிமிடம். பின்னால் கேக் துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. மீசை யாருக்கு என்பதில் நான்காம் வகுப்பில் ஒரு சண்டை.

சின்னப் பிள்ளைகள் தங்களுக்குக் கேக் இல்லை என்று தெரிந்ததும் ஒப்பாரி வைத்தார்கள். செபஸ்தி அசையவில்லை. புலவும் முட்டையும் பரிமாறிக்கொண்டே போனாள். முருகேசன் என் காதருகில், அந்தச் சமையக்காரப் பொம்பள சரியான கல்நெஞ்சு என்றான். இரண்டாவது பெஞ்சு என்று சொல்ல வாயெடுத்தேன். போட்டோகிராபர் மறுபடி கூப்பிட்டார்.

இன்னொரு வேடிக்கை. முருகேசனின் ஆறு வயதுப் பேத்தி வந்திருந்தாள். தேனியில் பெரிய பள்ளிக்கூடம்; வீட்டில் எதையும் சாப்பிட மாட்டாள், டப்பாவில் வரும் மாவைப் பாலில் கலக்கிக் கொடுத்தால்தான் உண்டு என்று அவள் அம்மா என்னிடம் அப்போதுதான் புலம்பியிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புலவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டாவது முட்டையும் கேட்டு வாங்கியது. அவள் அம்மா அதை வீடியோ எடுத்தாள். குரூப்பில் போட வேண்டாம் என்று முருகேசன் சொல்லிவிட்டான்.

இரண்டு மணிக்கு நான் வீடு திரும்பினேன். மூன்றரைக்கு சிஸ்டர் போன் செய்தார். பிள்ளைகளுக்கு வாந்தி.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பிள்ளைகள் பெஞ்சிலும் பாயிலுமாகக் கிடந்தார்கள். சில பிள்ளைகளுக்குப் பெற்றோர் வந்திருந்தார்கள். மலைக்குப் போன தாய்மார்களுக்கு போன் போகவில்லை. மேலே டவர் கிடையாது. ஜெனிபா கண்ணை மூடிச் சுருண்டிருந்தாள். செபஸ்தி அவளை மடியில் போட்டுக்கொண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அதைக் கக்கியது. துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். கக்கியது. மறுபடி.

நான் மெரூன் சேலையில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எந்த உடையிலும் அத்தனை அசிங்கமாக உணர்ந்ததில்லை.

நல்லவேளை, டாக்டர் ஒரு இளம்பெண், கெட்டிக்காரி. ஆறு மணிக்குள் வாந்தி நின்றது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். ஏழு மணிக்கு ஜீப்பை விட்டிறங்கி ஓடி வந்த தாய்மார்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அதற்குள் ஊரில் செய்தி வந்துவிட்டது. உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்றில், பின்னணியில் படபடவென்று இசையோடு: 'சத்துணவு முட்டை சாப்பிட்ட மாணவர்களுக்கு வாந்தி, மயக்கம்.'

சேனலில் வேலை செய்கிறவன் எனக்குத் தெரிந்த பையன். கேக்கைப் பற்றி யாருமே சொல்லவில்லையா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றான். உண்மைதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாந்தியெடுத்தால் சத்துணவு. அதைக் கேட்கவா வேண்டும்? கேக் நல்ல குடும்பத்திலிருந்து வந்தது. அதன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

மறுநாள் முருகேசனும் குரூப்பில் அதையே எழுதினான். 'முட்டைதான் கெட்டிருக்கும். நாம நல்லது செய்யப் போயி நமக்குக் கெட்ட பேரு.' ஷார்ஜா அழுதது. சென்னை அழுதது. அந்தச் சமையல்காரியை மாற்ற வேண்டும் என்று கோயம்புத்தூர் எழுதினாள்.

சத்துணவு அமைப்பாளருக்கு மூன்று பள்ளிகள் பொறுப்பு. அன்றைக்கு அவர் வேறு ஊரில் இருந்தார். ஆகவே விசாரணை நேராகச் செபஸ்தி மேல்தான் வந்தது. விசாரணை முடிவு வரும்வரை அவள் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து வேறொருத்தி வந்து சமைத்தாள்.

சாப்பிட யார் இருக்கிறார்கள்? பாதிப் பிள்ளைகள் பெட்டிக்கடை பன்னோடும் சிப்ஸ் பாக்கெட்டோடும் வந்தார்கள். பெற்றோர் பயந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து முட்டையைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார்கள். தினமும் அப்படித்தான். முட்டைகள் அவித்தபடியே சட்டியில் மிஞ்சியதாக சிஸ்டர் சொன்னார்.

விசாரணைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு அங்கே இருந்தவள் என்பதால் நானும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முதல்நாள் முருகேசன் போன் செய்தான்.

"ஆத்தா, சிம்பிளா எழுது. வந்தோம், குடுத்தோம், போனோம். கேக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு, நீ எத்தனை மணிக்கு வந்த, அதெல்லாம் எதுக்கு? அந்தப் பொம்பளைக்கு ஒரு மெமோ குடுப்பாக, ரெண்டு மாசத்துல சரியாயிரும். நமக்கு அப்படியா? பேரு இருக்குல்ல."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியதுதான் இந்தக் கதையிலேயே மோசமான பகுதி. உட்கார்ந்து எழுதினேன். எழுதத்தான் வருமே? 'தவிர்க்க இயலாத காரணங்களால் நிகழ்ச்சி சற்றே தாமதமாகத் தொடங்கியது.' அழகான வாக்கியம். யார் தாமதம், எவ்வளவு தாமதம், எதனால் தாமதம் — ஒன்றும் தெரியாது. முப்பது வருட அனுபவம் சும்மாவா?

அன்று சாயங்காலம் ஜெனிபாவின் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். சிஸ்டரிடம் வழி கேட்டு, எஸ்டேட் ஜீப்பிலிருந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே வந்திருந்தாள். கையில் ஏலக்காய் வாசம். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்திருந்தால்கூட நியாயம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க ஆபீசர்கிட்ட எழுதிக் குடுக்கப் போறீகன்னு சொன்னாக. எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். இதச் சாக்கா வச்சு முட்டைய நிறுத்திருவாகளா?"

அவளுக்கு யார் மேலும் கோபமில்லை. முட்டை நின்றுவிடுமோ என்ற பயம் மட்டும்தான். தான் விடியுமுன் மலை ஏறிவிடுவதாகவும், அந்தப் பிள்ளை காலையும் மதியமும் சாப்பிடுவது பள்ளிக்கூடத்தில்தான் என்றும், ராத்திரி சோறு வடிப்பதற்குள் தனக்கு உடம்பே ஓய்ந்துவிடும் என்றும் சொன்னாள். செபஸ்தி அக்கா இருந்தால் பிள்ளை சாப்பிட்டதா என்ற கவலை மலையில் இருக்காது என்றாள். காப்பி கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் எந்த எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு, முருகேசன் எஸ்டேட் என்று சொல்லிவிட்டால்?

அழகான வாக்கியத்தைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் சிஸ்டர் அறையில் அலுவலர், சிஸ்டர், முருகேசன், செபஸ்தி, நான். அலுவலர் அதிகம் பேசாதவர். முட்டை சாப்பிட்டது யார் யார் என்று கேட்டார். எல்லா வகுப்பும். விருந்தும் கேக்கும் சாப்பிட்டது? மூன்று, நான்கு, ஐந்து. வாந்தி எடுத்தது? மூன்று, நான்கு, ஐந்து. ஒன்றிலும் இரண்டிலும் ஒரு பிள்ளைகூட இல்லை. இரண்டு முட்டை சாப்பிட்ட பேத்தியும் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நான் இடையில் சொன்னேன். முருகேசன் என்னைப் பார்த்த பார்வையில் என் சிலேட்டு இன்னொரு தடவை உடைந்தது.

முட்டை சாம்பிள் இருக்கிறதா என்று அலுவலர் கேட்டார். அன்றைக்கே எடுத்து சிஸ்டரிடம் கொடுத்துவிட்டதாகச் செபஸ்தி சொன்னாள். தினமும் சமைத்ததில் கொஞ்சம் மூடி வைக்க வேண்டும் என்பது விதியாம். பதினெட்டு வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. மிஞ்சிய கேக்கையும் அவள்தான் டப்பாவோடு எடுத்து வைத்திருந்தாள், பிள்ளைகள் சாப்பிட்ட பண்டமாயிற்றே என்று.

பிறகு என் தாளை வாங்கிப் படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"மேடம், மூணு தடவை சேலை மாத்தினதையும் எழுதியிருக்கீங்க. அது வேணுமா?"

"வேணும் சார். அதனாலதான் கேக் வெயில்ல கிடந்துச்சு."

அவர் அந்த வரிக்கும் கீழே கோடு போட்டார்.

முருகேசன் எழுந்து, தான் இந்த ஊருக்கு எவ்வளவோ செய்திருப்பதாகவும், இந்தப் பொம்பளை யார் என்றே தனக்குத் தெரியாது, பகை ஒன்றுமில்லை என்றும் சொன்னான். செபஸ்தி அலுவலரைப் பார்த்து, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அவுக எனக்கு முன்பெஞ்சு சார். மறந்திருப்பாக. வேலை ஜாஸ்தில்ல?"

முருகேசன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பேர் ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. முட்டையில் ஒரு குறையுமில்லை. க்ரீமில்தான் கோளாறு. செபஸ்தி மறுநாளே சமையல்கூடத்துக்குத் திரும்பினாள். சிஸ்டர் பெற்றோரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, எந்த நாளும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். நாலைந்து தாய்மார்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியுமா என்று பார்த்தார்கள், முடியவில்லை. ஆனால் பன் பாக்கெட்டுகள் குறைந்தன. ஒரு வாரத்தில் முட்டை மிஞ்சுவது நின்றது.

யூடியூப் பையனிடம், இப்போது உண்மையைப் போடேன் என்றேன். முட்டை நல்லா இருந்துச்சுன்னா அதுல நியூஸ் எங்கக்கா இருக்கு என்றான். தொழில் தெரிந்தவன்.

முருகேசன் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டான். காலை வணக்கம் இல்லாமல் என் காலைகள் நன்றாகவே விடிகின்றன. சுற்றுச்சுவரை மட்டும் அவன் நிறுத்தவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சுவர் எழும்பிவிட்டது. அதில் அவன் பெயர் பள்ளிக்கூடத்தின் பெயரைவிட ஒரு சாண் பெரியது. அதனால் என்ன, மாடு உள்ளே வராது.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம். ஏழைப் பிள்ளைகளின் தட்டைப் பார்த்தால் நமக்கு ஏன் உடனே அழுகை வருகிறது? தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே வந்துவிடுகிறதே? நம் வீட்டுப் பிள்ளை நூடுல்ஸும் டப்பா மாவும் தின்று, ரத்தம் கம்மியாகி, டாக்டர் வாசலில் நிற்கும்போது அந்த அழுகை எங்கே போகிறது? சுண்டலும் முட்டையும் கீரையும் சாப்பிடுகிற பிள்ளைக்கு நாம் கேக் கொண்டுபோகிறோம். கொண்டுபோய் நம் முகத்தையும் அதில் அச்சடித்து, தின்னக் கொடுக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சொல்லாமல், சாதாரண நீலக் காட்டனில், சரியான நேரத்துக்கு. செபஸ்தியிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று மனதில் இருந்தது. அவள் கேட்கிற நிலையில் இல்லை. நூறு தட்டுக்குப் பரிமாற வேண்டியிருந்தது. என்னையும் வரிசையில் உட்காரச் சொல்லி ஒரு தட்டை வைத்தாள். கீரை சாதம், உருளைக்கிழங்கு, முட்டை. என் பக்கத்தில் ஜெனிபா. முட்டையை முதலிலேயே சாப்பிடக் கூடாது, கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அப்படியே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. உப்பு ஒரு கல் தூக்கல். அதையும் எழுதிவிடுகிறேன், நேர்மையாக இருப்பது என்று முடிவு செய்தபிறகு.

எல்லாப் பிள்ளைகளும் கை கழுவப் போனபிறகுதான் செபஸ்தி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் பேச்சை ஆரம்பித்தேன். இந்த விஷயத்தைப் பேப்பரில் எழுதப்போகிறேன், உன்னைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றேன். எத்தனை நாளைக்கு ஒரு தடவை எழுதுவாய் என்று கேட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு பக்கம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் என்னை நிஜமான கவலையோடு பார்த்தாள்.

"வாரத்துக்கு ஒருநாதான் வேலையா? மத்த நாளெல்லாம் என்னத்தா செய்வ?"